சாமி வேட்டிக்குள்ள ஒரு தட்டுச் செடி

மைக்ராஸ்கோப்போட லேசர் சூடேற இன்னும் அரை மணி நேரமாவது ஆகும், அது வரைக்கும் இந்த இருட்டு ரூம்ல நானும் என் மடியில இருக்கற கறுப்பு மூட்டையும்தான், மெஷின் ம்ம்ம்னு முனகிட்டே இருக்குது, ஏசி நேரா பொடனியில அடிக்குது, சால்வை எடுத்துட்டு வரணும்னு ஒவ்வொரு தடவையும் நெனைப்பேன், ஒவ்வொரு தடவையும் மறந்துருவேன், ஆனா நெசமாச் சொன்னா எனக்கு இந்த ரூமு ரொம்பப் பிடிக்கும், கோயமுத்தூர்ல வேற எங்க போயி காலங்காத்தால யாரும் கூப்புடாம, யாரும் ஒண்ணும் கேக்காம, கண்ணைத் தொறந்துட்டே சும்மா உக்கார முடியும், வீட்டுல சும்மா உக்காந்தா ஒடம்பு சரியில்லையான்னு கேப்பாங்க, லேப்ல சும்மா உக்காந்தா வேலையில்லையான்னு கேப்பாங்க, இங்க சும்மா உக்கார்றதுதான் வேலை, லேசர் சூடாகட்டும்னு சொல்லிட்டா எந்தக் கொம்பனும் வாயைத் தொறக்க முடியாது. வெளிய ஐப்பசி மழை, ஜன்னல் இல்லாத ரூமு, சத்தம்கூடக் கேக்கலை, ஆனா என் சேலை முந்தி இன்னும் ஈரமாத்தான் இருக்குது, பஸ் ஸ்டாப்புல இருந்து ஓடி வந்தேன், மூட்டையை மட்டும் நனைய விடலை, கொழந்தையைத் தூக்கிட்டு ஓடற மாதிரி ரெண்டு கையிலயும் கட்டிப்பிடிச்சுட்டு லேப்புல இருந்து இந்தக் கட்டடத்துக்கு ஓடி வந்தேன், வாட்ச்மேன் பாத்துச் சிரிச்சாரு, சிரிக்கட்டும். மூட்டைக்குள்ள ஒரு தட்டு, தட்டுக்குள்ள கடுகுச் செடி மாதிரி பொடிப்பொடியா நாத்து, அதுக வேருக்குள்ள பச்சையா வெளிச்சம் இருக்குதா இல்லையா, அதுதான் இன்னைக்கு. இருந்தா மத்தியானம் எங்க லேப்புத் தலைவரு லிங்கதுரை சார் முன்னாடி தலையை நிமுத்திட்டு நிப்பேன், இல்லாட்டி என் மொச்சை வாலை இன்னையோட மூடி வெச்சுட்டு சார் சொன்னபடி உப்புத்தண்ணியில வளர்ற நெல்லு எண்ணப் போகணும்.

மொச்சை வால்னு நான்தான் பேரு வெச்சேன். மொச்சைக் கொட்டைக்குள்ள இருக்கற ஒரு புரதத்தோட கடைசித் துணுக்கு, கண்ணுக்குத் தெரியற வாலா என்ன, ஒரு சங்கிலியில கடைசி நாலஞ்சு மணி, அவ்வளவுதான், ஆனா அந்த மணிதான் விலாசம்ங்கறது என் கட்சி. செல்லுக்குள்ள புரதம் ஒரு பக்கம் வெந்து எறங்குது, எறங்கினதும் தோசை அடுக்கின மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கற எடத்துக்குப் போகுது, அங்க ஒவ்வொண்ணா பாத்துப் பிரிக்கறாங்க, நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம், வாலைப் பாத்து வா சாமின்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஒருத்தன் இருக்கான், அவனும் ஒரு புரதம்தான், பொட்டணத்துக்குள்ள கூடவே உக்காந்து போறான், நடுவழியில ஒரு எடம், அங்க லேசாப் புளிப்பு ஏறும், புளிப்பு பட்டதும் கையை விட்டுருவான், விட்டுட்டு வெறுங்கையோட திரும்பி வந்து அடுத்ததைப் பிடிப்பான். வால் இல்லாததுக்கு யாரும் வர மாட்டாங்க. செல்லுக்கு வெளிய தள்ளிருவாங்க, சொவத்துக்கு அந்தப்பக்கம், கேக்கறதுக்கு நாதியில்லை. வாலோட போனது வாக்குவோலுக்குப் போய்ச் சேரும். பள்ளிக்கூடப் புத்தகத்துல நுண்குமிழ்னு போட்டிருந்துச்சு, நுண்ணும் கெடையாது குமிழும் கெடையாது, செல்லுல முக்காவாசி எடம் அதுதான், மத்ததெல்லாம் ஓரஞ்சாரமா ஒட்டிக்கிட்டு நிக்குது, கல்யாண வீட்டுல நடுக்கூடத்தை மாப்பிள்ளை வீட்டுக்கு விட்டுட்டு நம்ம ஆளுங்க சொவத்தோரமா நிப்பாங்களே, அப்படி. புளிச்சக்கீரையோட புளிப்பு அங்கதான் இருக்குது, செம்பருத்தியோட செவப்பு அங்கதான் இருக்குது, நாம மென்னு திங்கற மொச்சையோட சத்தும் அதே எடத்துலதான். ஆனா மொதல்ல மைக்ராஸ்கோப்புல பாத்தவங்க, உள்ள ஒண்ணும் தெரியலைன்னு காலி எடம்னு பேரு வெச்சுட்டாங்க. பாவம், அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா எனக்கும் போன மாசம் அதேதான் தெரிஞ்சுது, காலி எடம்.

போன மாசம் எடுத்த படம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. பச்சையா மினுக்கற ஒரு புரதம் இருக்குது, எங்க போகுதுன்னு தெரியறதுக்காக அதோட மொச்சை வாலை ஒட்டவெச்சு செடிக்குள்ள விட்டேன், அது வாக்குவோலுக்குப் போயிருந்தா செல்லுக்கு நடுவுல பச்சையா ஏரி மாதிரி நெறஞ்சு கெடக்கணும். ஆனா கருகருன்னு கெடந்துச்சு. செல் செல்லா நகத்தி நகத்திப் பாத்தேன், கருப்பு, கருப்பு, ஓரத்துல மட்டும் நூல் மாதிரி கொஞ்சம் பச்சை, அது வழியில நிக்கற சரக்கு. லிங்கதுரை சார் நாசரேத்துக்காரரு, சத்தம் போட மாட்டாரு, கண்ணாடியைக் கழட்டித் தொடைப்பாரு, அதுதான் சத்தம் போடறது. தொடைச்சுட்டுச் சொன்னாரு, "என்ன கோகிலவாணி, போகலைன்னா போகலைன்னு ஒத்துக்கிட வேண்டியதுதானே. வாலுக்கு அவ்வளவு தெறம இல்ல போலுக்கு. நெல்லுல ஆள் வேணும்னு கேக்காவ, அங்க வந்துரு." நான் தலையாட்டினேன். வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்து தலையாட்டினதுக்கு என்னை நானே திட்டினேன். கொஞ்ச நாள் தாங்க சார்னு மறுபடி உள்ள போய்க் கேட்டேன், கார்த்திகை பொறக்கறதுக்குள்ள முடின்னு சொன்னாரு. நாளைக்குக் கார்த்திகை ஒண்ணு.

இதுல கூத்து என்னன்னா, கெடுத்ததே நான்தான். என் பாசம்தான். மொச்சை வால் செடிகளை மட்டும் தனியா எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேர் கீழ வெச்சுப் பாத்துக்கிட்டேன், நல்லா வளரட்டும்னு, மத்ததுகளை எல்லாம் பின்னாடி தள்ளி இதுகளுக்கு ராத்திரி பகலா வெளிச்சம் காட்டினேன், யாராவது அந்த லைட்டை அமத்தினா சண்டைக்குப் போனேன். எடம் பத்தாம ஒரே ஒரு டப்பாவை மட்டும் அலமாரி மறைவுல சொருகியிருந்தேன், மறந்தும் போயிட்டேன், சார் அப்படிச் சொன்ன பொறவு தூக்கிப் போடலாம்னு எடுத்தேன், போடறதுக்கு முன்னாடி சும்மா ஒரு தடவை பாப்பமேன்னு வெச்சா, ரெண்டே ரெண்டு செல்லு, நடுவுல மங்கலா, பாசி மாதிரி பச்சை. எனக்கு ஒடம்பு சிலுத்துருச்சு. பொறவு ஒக்காந்து தேடினா, அட எழவே, ஒலகத்துக்கே தெரிஞ்சிருக்குது, எனக்குத்தான் தெரியலை. வாக்குவோலுக்குள்ள புளிப்பு, பத்தாததுக்கு வர்றதை எல்லாம் அறுத்துச் சாப்பிடற சாமான்கள் வேற, அங்க போய்ச் சேர்ந்த பச்சைப் புரதத்து மேல வெளிச்சமும் பட்டுச்சுன்னா அது அவிஞ்சு போயிரும், இருட்டுல வெச்சிருந்தாத்தான் தாங்கும். அப்ப நான் பாத்த கருப்பு போகாத கருப்பு இல்லை, போய்ச் சேர்ந்து அவிஞ்ச கருப்பாவும் இருக்கலாம். ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதானே இருக்கும், எப்படிப் பிரிச்சுச் சொல்றது, அதுக்குத்தான் இந்தத் தட்டு, ஒரு பாதியில வால் வெச்ச செடி, மறு பாதியில வால் வெட்டின செடி, ரெண்டும் சேத்து மூணு நாள் இருட்டுக்குள்ள. வால் வெட்டினதுக்கு இருட்டுலயும் உள்ள கருப்பாத்தான் இருக்கணும், வால் வெச்சதுக்குப் பச்சை வரணும், அப்பத்தான் என் கட்சி கட்சி.

இருட்டுக்கு எங்க போறது. லேப்ல அலமாரி இருக்குது, கண்ணாடிக் கதவு வெச்சது, அதுல வெளிச்சம் நல்லா வரும். அட்டைப்பெட்டி வெச்சா செடி புழுங்கிச் செத்துரும், காத்துப் போகணும், வெளிச்சம் போகக்கூடாது, கறுப்புத் துணிதான் சரி, வீட்டுல கறுப்புன்னு பாத்தா எங்க வீட்டுக்காரரோட சபரிமலை வேட்டிதான். ராத்திரி சோத்தைப் போட்டுட்டே கேட்டேன், "ஏனுங்க, உங்க சாமி வேட்டியைக் கொஞ்ச நாளைக்குக் குடுப்பீங்களா, செடியைச் சுத்தி வெக்கோணும், அந்தப் பச்சைப் புரதம் போய்ச் சேருதான்னு பாக்கோணும்." சென்னியப்பன் ஒரு வாய் ரசஞ்சோறை முழுங்கிட்டு என்னைப் பாத்தாரு. பீரோவுல சந்தனத்துக்கும் துளசி மணி மாலைக்கும் நடுவுல மடிச்சு வெச்சிருக்கற வேட்டி, எங்கம்மா கை பட்டாக்கூட மொகம் சுளிப்பாரு. "எப்பத் திருப்பித் தருவே?" "மாலை போடறதுக்குள்ள தந்தர்றேன்." "அப்ப சரி"ன்னாரு. அவ்வளவுதான். எந்திரிச்சுப் போயி கையைக் கழுவிட்டு பீரோவைத் தொறந்து எடுத்துக் குடுத்தாரு, அது மேல ஒட்டியிருந்த ஒரு துளசி எலையை மட்டும் எடுத்துக் கண்ணுல ஒத்திட்டு.

அப்ப சரி. இந்த மனுசனுக்கு எல்லாத்துக்கும் அப்ப சரிதான். சம்பளம் ரெண்டு மாசமா வரலீங்கன்னா அப்ப சரி, பாத்துக்கலாம்பாரு, இன்னைக்குக் கொழம்பு இல்லை மோருதான்னா அப்ப சரி, உங்கக்கா பொண்ணு சீருக்கு நான் வரலைன்னா அப்ப சரி. நிச்சயம் பண்ணின புதுசுல எத்தனை பேசினாரு, ஃபோன் சூடாகிக் காதே வெந்துரும், என்ன சாப்ட்டே, என்ன கலர் சேலை, நீ சிரிச்சது எனக்கு இங்க கேக்குது, இப்படி. இப்ப உக்கடத்துல அவரு வேலை பாக்கற பார்சல் ஆபீஸ்ல இருந்து வந்தாருன்னா செருப்பைக் கழட்டி, காப்பி குடிச்சு, எனக்குப் பக்கத்துல உக்காந்து டீவி பாப்பாரு, தோள்பட்டை என் மேல பட்டுட்டு இருக்கும், வாய் இருக்காது. எங்கம்மா வந்துட்டுப் போகும்போது கேட்டுச்சு, "என்னடி, ரெண்டு பேரும் ஊமையாட்ட இருக்கறீங்க, ஏதாச்சும் சண்டையா?" சண்டையெல்லாம் இல்லையேம்மான்னேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. சண்டை இல்லை, வேற என்னமோ, உள்ள இருந்த வெளிச்சம் அவிஞ்சுதான் போச்சா, எங்க ரெண்டு பேருக்கும் தெரியாமயே. பக்கத்துல அவர் மூச்சு சத்தம், கையைத் தேடி வெச்சேன், தூக்கத்துலயே இழுத்து நெஞ்சு மேல வெச்சுக்கிட்டாரு, அப்பறம் எனக்கும் தூக்கம் வந்துருச்சு. இப்படித்தான், பயம் வரும், வந்த வழியில திரும்பிப் போயிரும், மொத்தத்துல நான் நல்லாத்தான் இருக்கேன், சந்தோசமாத்தான் இருக்கேன், அதை யாருகிட்டச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க, சந்தோசமா இருக்கறவ இருட்டுல மூட்டையை வெச்சுட்டு உக்காருவாளான்னு கேப்பாங்க. நாளையில இருந்து அவர் சாமி. சாமி காப்பி வேணுங்களா, சாமி பாய் போடட்டுங்களான்னு நானும் சாமின்னே கூப்புட்டுப் பேசணும், தள்ளிப் படுக்கணும், மாலை கழட்டற வரைக்கும் தோள்பட்டையும் கெடையாது. அதை நெனைச்சாத்தான் கொஞ்சம் இதுவா இருக்குது.

மெஷின் முனகல் மாறியிருக்குதா? இல்லை, அதேதான். மூட்டையைக் கொஞ்சம் தூக்கி மூஞ்சிக்கிட்ட வெச்சுப் பாத்தேன், ஏன்னு தெரியலை, அவரு வாசம் வரும்னுதான், கற்பூரமும் விபூதியும் பஸ்ல நசுங்கின வாழப்பழமும் சேந்து ஒரு மலை வாசம் அந்த வேட்டிக்கு உண்டு, எத்தனை தடவை அலசினாலும் போகாது. மோந்தேன். சோப்பு. நல்லா மோந்தேன். சோப்புப் பவுடரு, எலுமிச்சம்பழ வாசம் போட்டது, எங்க வீட்டுல வாங்கறதே இல்லை. சுருக்குனு இருந்துச்சு. இருட்டுல வெரலால தடவிப் பாக்கறேன், மடிப்பு நறுக்குனு இருக்குது, நான் மடிச்சா இப்படி இருக்காது, நான் சுத்தினது சும்மா புளிமூட்டை கட்டின மாதிரி, இது ஓரத்துக்கு ஓரம் சேத்து ரெட்டையா மடிச்சு, மொனையை உள்ள சொருகி, சே, காத்தால அவசரம், மழை வேற, எடுத்து நெஞ்சோட அணைச்சுட்டு ஓடி வந்துட்டேன், பாக்கவே இல்லை. யாரோ இதைத் தொவைச்சிருக்காங்க. தொவைச்சா காயணும். ஐப்பசி மழையில ஒரு வேட்டி காயறதுக்கு எவ்வளவு நேரமாகும், ஒரு பகல், ஒரு பகல் முழுக்க வேணும், அந்தப் பகல் முழுக்க என் தட்டு கண்ணாடி அலமாரிக்குள்ள மேல ஒண்ணும் இல்லாம ட்யூப்லைட்டைப் பாத்துட்டு உக்காந்திருந்துச்சா. ஐயோ. கொஞ்ச நேரம் பட்டா ஒண்ணும் ஆகாது, கொஞ்ச நேரம்னா எவ்வளவு நேரம், அரை மணி பரவாயில்லை, ஒரு பகல் பட்டா போச்சு, எல்லாம் போச்சு, மறுபடி கருப்பு, சார் கண்ணாடியைக் கழட்டுவாரு. இல்லை, இரு, நேத்து மத்தியானம் நானே அலமாரியை எட்டிப் பாத்தேனே, கறுப்பா இருந்துச்சே. இருந்துச்சா? முந்தாநாள் பாத்ததை நேத்துன்னு நெனைக்கறனா? நேத்து மத்தியானம் நெல்லுக்காரங்க மீட்டிங்குக்குப் போனேன், அலமாரிப் பக்கமே போகலையோ. முந்தாநாள் பாத்தேன், அது நிச்சயம், ஏன்னா அன்னைக்குத்தான் சீப்பு வாழப்பழத்தை அலமாரி மேல வெச்சுட்டு மறந்தேன். நேத்து? நேத்துன்னு நெனைச்சா வேட்டியும் வருது, வாழப்பழமும் வருது, ரெண்டும் ஒரே நாளாக் கலங்கிக் கெடக்குது. இப்பவே தொறந்து பாத்துறலாமா, தொறந்தா கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, மெஷினுக்குத்தான் தெரியும், மெஷின் இன்னும் சூடாகலை. சூடாகாத லேசர்ல பாத்தா இருக்கறதும் இல்லாத மாதிரி தெரியும். உக்காரு கோகிலா, பேசாம உக்காரு.

அப்பத்தான் கதவைத் தட்டற சத்தம். "கண்ணு, டீ கொண்டாந்திருக்கேன், உள்ள வெச்சுட்டுப் போகட்டுமா?" தெய்வாக்கா. லேப்பைக் கூட்டித் தொடைச்சு, கண்ணாடிச் சாமான் கழுவி, சாயங்காலம் கடைசி ஆளா விளக்கை அமத்திப் பூட்டிட்டுப் போயி, காத்தால மொத ஆளா வந்து தொறக்கற தெய்வாத்தாக்கா. வேற யாரு இருக்கா, அவங்களேதான். "தொறக்காதீங்கக்கா! வெளிச்சம்! அங்கயே நில்லுங்க!" நான் கத்தின கத்துல அவங்க பயந்துட்டாங்க போல, "அய்யோ சாமி, தொறக்கலை கண்ணு, கையை எடுத்துட்டேன்"ன்னாங்க. நான் மூட்டையோட போயி கதவுல காதை வெச்சுட்டு நின்னேன். "அக்கா, அந்த வேட்டியைத் தொவைச்சீங்களா?" அந்தப் பக்கம் கொஞ்சம் நீளமா ஒரு மூச்சு. "திட்டாத கண்ணு. அது மாலை போடற வேட்டியல்லோ. அலமாரிக் கதவிடுக்குல ஒரு மொனை வெளிய தொங்கி, கீழ கழட்டி வெச்ச நம்ம செருப்புல பட்டுட்டுக் கெடந்துச்சு. எனக்கு மனசு கேக்கலை. நாளைக்கு அதைக் கட்டீட்டு மலைக்கு வெரதம் புடிக்கற மனுசனுக்கு ஆகுமா? அதான் எடுத்துட்டுப் போயி அலசிக் காயப் போட்டுக் கொண்டாந்தேன்."

"எப்ப எடுத்தீங்க?" என் கொரலு எனக்கே வேற யாரோ மாதிரி இருந்துச்சு. "நேத்துப் பொழுது சாய." "எப்பத் திருப்பி வெச்சீங்க?" "இன்னைக்குக் காத்தால, கோழி கூப்புட." "காஞ்சுருச்சா அதுக்குள்ள?" "அடுப்புக்கு மேல கொடியில போட்டு, பொறவு பொட்டி போட்டுத் தேச்சேன். சாமி வேட்டியல்லோ." நான் கண்ணை மூடிட்டேன், இருட்டுல கண்ணை மூடினா என்ன தொறந்தா என்ன. "அக்கா, எடுக்கும்போது லைட் எரிஞ்சுட்டு இருந்துச்சா?" "எல்லாரும் போனதுக்கப்பறம் அமத்திப்போட்டுத்தான் எடுத்தேன், நீ வெளிச்சம் ஆகாதுன்னு சொல்லியிருந்தீல்ல. செல்ஃபோன் வெளிச்சம்கூட அடிக்கலை, தடவித் தடவி எடுத்தேன், அலமாரிக் கதவுல நெத்தியை இடிச்சுட்டேன், இன்னும் வீங்கியிருக்குது. காத்தால வந்தும் போத்திப்போட்டுத்தான் லைட்டே போட்டேன்." "அப்ப ராத்திரி பூராவும் தட்டு மேல ஒண்ணுமே இல்லாமயா இருந்துச்சு?" "ஏன் கண்ணு, ராத்திரி இருட்டுத்தானே? அதுக்கு எதுக்கு வேட்டி?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்க அடக்க வருது, கதவுல நெத்தியை வெச்சுட்டுச் சிரிக்கறேன், அழுகையும் ஓரமா இருக்குது, மூட்டை ஆடுது, அக்கா அந்தப் பக்கம் இருந்து என்னாச்சு கண்ணு என்னாச்சு கண்ணுங்கறாங்க. ஒண்ணுமில்லீங்கக்கா, டீயைக் கீழ வெச்சு மூடிட்டுப் போங்க, நெத்தியில மஞ்சப்பத்துப் போடுங்கன்னேன். அவங்க போற செருப்புச் சத்தம் கேட்டுச்சு. சிரிப்பு நின்னதும் பயம் மறுபடி வந்து பக்கத்துல உக்காந்துச்சு, ஆனா இப்ப அது சோப்புப் பயம் இல்லை, பழைய பயம், வாலுக்குத் தெறமை இருக்குதா இல்லையாங்கற பயம். அது பரவாயில்லை, அதோட நான் பழகிட்டேன். கையை விட்டுட்டு வெறுங்கையோட திரும்பி வருவானே, அந்தக் கூட்டிட்டுப் போற புரதம், அவனை நெனைச்சேன், அவனுக்கு ஒரு தடவையாச்சும் தெரியுமா, தான் கொண்டுபோய் விட்டது உள்ள போயிருச்சா இல்லையான்னு, திரும்பிப் பாக்கறதுக்குக் கண்ணா இருக்குது. பார்சல் ஆபீஸ்லயும் அதேதான், ஒரு நாள் அவருக்குச் சோறு கொண்டுபோயிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன், ஃபோன் அடிச்சுட்டே இருந்துச்சு, வரலை வரலைன்னுதான் அத்தனை பேரும், வந்துருச்சுன்னு சொல்றதுக்கு ஒருத்தரும் கூப்புடலை. வந்து சேர்ந்ததுக்குச் சத்தம் கெடையாது. அவரு பாட்டுக்கு அடுத்த மூட்டைக்கு சீட்டு ஒட்டிட்டு இருந்தாரு.

பச்சை விளக்கு வந்துருச்சு, மெஷின் தயார். செவப்பு லைட்டுல வேட்டியைப் பிரிச்சேன், ரெட்டை மடிப்பைக் கலைக்கவே மனசு வரலை, அத்தனை நேர்த்தி. ஒரு நாத்தை இடுக்கியில எடுத்துக் கண்ணாடியில ஒரு சொட்டுத் தண்ணியில படுக்க வெச்சேன், நூல் மாதிரி வேரு. மொதல்ல வால் வெட்டினதுதான், எப்பவும் கெட்ட செய்தியை முன்னாடி கேட்டுக்கறவ நான். திரையில வேரு வந்துச்சு, செல் செல்லா செங்கல் அடுக்கின மாதிரி, சொவத்தோரமா லேசா பச்சை, உள்ள கருப்பு. சரி. இது கருப்பாத்தான் இருக்கணும், இருக்குது. ஒரு படம் எடுத்து வெச்சுட்டு அடுத்ததைப் போட்டேன், வால் வெச்சது. குமிழைத் திருகறேன், மங்கல், மங்கல், ஒண்ணுமே இல்லை, இன்னும் கொஞ்சம், அப்படியே எறங்குது, எறங்குது.

பச்சை. ஆத்தாடி, பச்சை. ஒரு செல்லு இல்லை, ரெண்டு செல்லு இல்லை, வரிசை வரிசையா, நடுக்கூடம் பூராவும், ததும்பத் ததும்ப, மழைக்கு நெறஞ்ச கொளமெல்லாம் மேல இருந்து பாத்தா இப்படித்தான் இருக்குமோ என்னமோ, ஓரத்துல ஒட்டி நிக்கறதெல்லாம் கருப்பு, நடுவுல அத்தனையும் வெளிச்சம். போயிருக்குது. அத்தனையும் போயிருக்குது. நான் வெளிச்சத்துல வெச்சுக் கொஞ்சினப்பவும் போயிட்டுத்தான் இருந்திருக்குது, நான் கருப்பைப் பாத்து அழுதப்பவும் உள்ள போய்ச் சேந்துட்டுத்தான் இருந்திருக்குது. படம் எடுத்தேன், இன்னொண்ணு, பக்கத்துச் செல்லுல இன்னொண்ணு. கண்ணை எடுக்க மனசில்லை, ஆனா பாத்துட்டே இருந்தா லேசர் பட்டுப்பட்டு அதுவும் மங்கும், இப்பவே மொதச் செல்லு கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்குது. போதும். எனக்குத் தெரிஞ்சா போதும். லேசரை மூடினேன். திரை கருப்பாச்சு, உள்ள இருக்குதுன்னு தெரிஞ்ச கருப்பு, அதைப் பாத்துட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அப்பறம் லேப் போற வரைக்கும் தட்டை அட்டைப்பெட்டிக்குள்ள வெச்சு மூடிட்டு, வேட்டியைத் தெய்வாக்கா மடிச்ச மடிப்புலயே மடிச்சு, என் பையில மேலாக வெச்சேன்.

வெளிய வராந்தாவுல மழை சத்தமாப் பெய்யுது, டீ ஆறிப் போச்சு, ஏடு கட்டியிருக்குது, பரவாயில்லைன்னு அதையே குடிச்சேன். ரெண்டு படத்தையும் சாருக்கு அனுப்பினேன், வால் உள்ளது, வால் இல்லாதது. கொஞ்ச நேரம் ஒண்ணும் வரலை, கண்ணாடியைத் தொடைக்கறாரோ என்னமோ. அப்பறம் வந்துச்சு, "நெல்லுக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதேன். மத்தியானம் வா, பேசணும்." கால் தரையில நிக்கலை எனக்கு. யாருகிட்டயாவது கத்தணும் போல இருந்துச்சு. அவருக்குத்தான் அடிச்சேன். பின்னாடி லாரி சத்தம், யாரோ வரலைன்னு எதுக்கோ சண்டை போடற சத்தம். "ஏனுங்க, நான்தான்." "சொல்லு கோகிலா." மூணு நாளாக் கேக்கணும்னு காத்துட்டு இருந்தாரோ என்னமோ, நான் ஒண்ணும் சொல்றதுக்கு முன்னாடி அவரே கேட்டாரு, "போய்ச் சேந்துருச்சா?" வேட்டி மட்டுந்தான் கேட்டேன், எதுக்குன்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், அதுவும் சோத்தைப் பரிமாறிட்டே, டீவி ஓடும்போது. "சேந்துருச்சுங்க"ன்னேன். அந்தப் பக்கம் லாரி நகர்ற சத்தம். அவரு சிரிச்சாரா இல்லையான்னு தெரியலை, எனக்கு இங்க கேட்டுச்சு.

"அப்ப சரி"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு.